எலிக்குக் கொடுத்த மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

18 ஏப்ரல் 2025, காலை. தொண்டி வாசகர் கேட்டது

அப்பாவுக்கு 58 வயது. மோட்டார் நியூரான் நோய் என்று ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். வலது கை போய்விட்டது, இப்போது இடது கையும் தளர்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நடக்க முடியாமல் கிடந்த எலிக்கு டாக்ஸிசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்ததும் நரம்பில் இருந்த புரதக் கட்டி கரைந்து எலி திரும்ப நடந்ததாம். பொய்யாக இருக்கும் என்று தேடிப் பார்த்தேன், ஆராய்ச்சி உண்மைதான். அந்த மாத்திரை இங்கே எல்லா மெடிக்கலிலும் கிடைக்கிறது, எலிக்காய்ச்சலுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். இரண்டு அட்டை வாங்கி வைத்துவிட்டேன். கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 ஏப்ரல், மதியம்

கொடுக்காதீர்கள். மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் அந்த அட்டையைத் தூக்கி அலமாரி மேலே வையுங்கள்.

நீங்கள் படித்தது 2015-இல் வந்த ஆய்வு. எலி நடந்தது நிஜம். ஆனால் அந்த எலியை எப்படிச் செய்தார்கள் என்பது வாட்ஸ்அப்பில் வராது. மனிதனின் டிடிபி-43 என்ற புரதத்துக்கான மரபணுவை எடுத்து, அந்தப் புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழையத் தேவையான சின்னத் துண்டை மட்டும் கெடுத்துவிட்டு, எலிக்குள் வைத்தார்கள். கூடவே ஒரு சுவிட்சும் பொருத்தினார்கள். தீவனத்தில் டாக்ஸிசைக்ளின் இருக்கும் வரை அந்த மரபணு தூங்கும். டாக்ஸியை நிறுத்தினால் விழித்துக்கொண்டு புரதத்தைக் கொட்டும். வெளியிலேயே தங்கிவிட்ட புரதம் திரண்டு, சில வாரத்தில் எலிக்குப் பின்னங்கால் இழுக்கும், பத்து வாரம் வாக்கில் செத்துப்போகும். சில எலிகளுக்கு ஆறாவது வாரத்தில் திரும்ப டாக்ஸித் தீவனம் வைத்தார்கள். மரபணு மறுபடி தூங்கியது, சேர்ந்திருந்ததைச் செல்லே துடைத்துப் போட்டது, எலி தேறியது.

ஆக, டாக்ஸி அங்கே மருந்தே இல்லை, சுவிட்ச். உங்கள் அப்பா உடம்பில் அந்தச் சுவிட்சை யாரும் மாட்டவில்லை. பக்கத்து வீட்டு மோட்டாரைத் தட்டினால் நம் வீட்டுத் தொட்டி நிறையுமா?

18 ஏப்ரல், இரவு

"சரிண்ணே, சுவிட்ச் இல்ல. சும்மா கொடுத்துப் பாத்தா கெடுதல் என்ன?" என்று தொண்டித் தம்பி தனியாகக் கேட்கிறார். இங்கேயே சொல்கிறேன், வேறு யாராவது இதையே யோசித்துக்கொண்டிருக்கலாம்.

டாக்ஸிசைக்ளினின் பங்காளி மினோசைக்ளின், ஒரே குடும்பம். நரம்பு அழற்சியைத் தணிக்கும் என்று நினைத்து இந்த நோய் எலிகளுக்குக் கொடுத்தார்கள், எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. எல்லோருக்கும் நம்பிக்கை. அப்புறம் 412 நோயாளிகளிடம் சோதித்து 2007-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட 25 சதவீதம் வேகமாகக் கை கால் தளர்ந்தது. டாக்ஸியும் அப்படியே செய்யும் என்று நான் சொல்லவில்லை. "எலிக்கு நல்லது, நமக்குக் கெடுதலா செய்யப்போகுது" என்று நினைத்தவர்கள் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட இடம் இது.

20 ஏப்ரல்

நான் யார், எந்தத் தைரியத்தில் பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். நான் டாக்டர் இல்லை. பாம்பனில் கருவாட்டுக் கடை. அதற்கு முன்னால், 2008-லிருந்து ஆறு வருடம் வெளியூரில் ஒரு ஆய்வகத்தின் எலிக்கூடத்தில் வேலை. கூண்டு கழுவுவதில் ஆரம்பித்து, தண்டுவடத்தைச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது வரை வந்தேன்.

எங்களிடம் இருந்தது ஜி93ஏ எலி. 1993-இல் பரம்பரையாக வரும் ஏஎல்எஸ் (மோட்டார் நியூரான் நோயில் அதிகம் பேருக்கு வரும் வகை) குடும்பங்களில் எஸ்ஓடி1 என்ற மரபணுவில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தில் 93-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும், அதற்குப் பதில் அலனின் உட்கார்ந்திருக்கும் ஒரு வகை உண்டு. அந்த மனித மரபணுவை எலிக்குள் வைத்து 1994-இல் வெளியிட்டார்கள். எலி பிறந்து 90 நாள் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் வாலைப் பிடித்துத் தூக்கினால், நல்ல எலி பின்னங்கால் இரண்டையும் விரித்து நீட்டும், இது மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கால் நடுங்கும். அங்கிருந்து ஐந்தாறு வாரம்தான். மேலே இருக்கும் தீவனத் தட்டை எட்டாது, ஈரத் தீவனத்தைக் கூண்டுத் தரையில் வைப்போம், தண்ணீர்ப் புட்டிக்கு நீளக் குழாய் மாட்டுவோம். பக்கவாட்டில் படுக்கவைத்தால் 30 விநாடிக்குள் புரண்டு எழ வேண்டும். எழவில்லை என்றால் அன்றோடு முடித்துவிட வேண்டும், அதுதான் விதி. ஸ்டாப்வாட்ச் என் கையில். 27, 28 என்று ஓடும்போது "எந்திரிடா" என்று வாய்விட்டுச் சொன்ன நாட்கள் உண்டு.

அந்தத் தண்டுவடத்தைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் முன்பக்கப் பகுதியில் இயக்க நரம்புச் செல்கள், மற்றதெல்லாம் குடிசை என்றால் இவை மாடிவீடு மாதிரி பெரிசு. நோய் முற்றியதில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். மிச்சம் இருப்பதில் பழுப்புப் புள்ளியாக, திட்டாக, புரதம் திரண்டு நிற்கும். புரதம் என்பது மடித்து வைத்த சங்கிலி. மடிப்பு தவறினால் ஒட்டக்கூடாத பக்கம் வெளியே வந்து, பக்கத்தில் இருக்கும் தவறிய இன்னொன்றோடு ஒட்டும். வலையை ஒழுங்காகக் கட்டாமல் படகில் அள்ளிப் போட்டால் மறுநாள் சிக்கு விழுந்து கிடக்குமே, அது. அந்தச் சிக்குதான் செல்லைக் கொல்கிறது.

இன்னொன்று. "கட்டி" என்று எழுதாதீர்கள். எங்கள் சின்னம்மா "கட்டின்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்ல" என்று கேட்டார், அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது. திரள் என்போம்.

21 ஏப்ரல்

கருவாடு தின்றால் இந்த நோய் வருமா? இல்லை, வராது. மூன்று பேர் கேட்டாயிற்று. கடைக்காரன் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்.

26 ஏப்ரல்

20-ஆம் தேதிக் குறிப்பின் கடைசியில் "அந்தச் சிக்குதான் செல்லைக் கொல்கிறது" என்று எழுதிவிட்டேன். ஆய்வகத்தில் இருந்த காலத்தில் அப்படித்தான் நினைத்தோம், கை தானாக எழுதிவிட்டது. திருத்துகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் இது, பாம்பன் கரையில் படகெல்லாம் ஏறி நிற்கிறது, கிழிந்த வலைகளைக் குவியலாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குவியலால் ஒரு மீனும் சாகாது, நாய்தான் படுத்துத் தூங்கும். கொல்வது எது என்றால், கடலில் அறுந்து போன துண்டு. யார் கண்ணுக்கும் தெரியாமல் நீரோட்டத்தில் மிதந்துகொண்டு நண்டு, ஆமை, எது வந்தாலும் சிக்கவைக்கும். தங்கூசி (நைலான் இழை) வலை என்றால் மக்கவும் மக்காது.

எஸ்ஓடி1 கதையும் ஏறக்குறைய அதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. புரதம் இயல்பாக இரண்டிரண்டாகச் சேர்ந்து இருக்க வேண்டியது. அது பிரிந்து, மடிப்பு தவறி, மூன்று மூன்றாகச் சேரும்போது நச்சு. பெரிய இழைத் திரளாக ஒதுங்கிவிட்டால் செல்லுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை, சொல்லப்போனால் பாதுகாப்பு. 2018-இல் வளர்ப்புச் செல்களில் இப்படிக் காட்டினார்கள். மைக்ராஸ்கோப்பில் நான் ஆறு வருடம் எண்ணியது கரையில் கிடந்த குவியலை. மிதந்துகொண்டிருந்தது எதுவும் அந்தச் சாயத்தில் தெரியாது.

இதை ஜீரணிக்க எனக்குக் கொஞ்சகாலம் பிடித்தது. எத்தனை சில்லு, எத்தனை புள்ளி! அதனால் "திரளைக் கரைத்தோம்" என்ற செய்தி வரும்போது எனக்கு இப்போது உடனே சந்தோஷம் வருவதில்லை. கரையில் கிடக்கும் குவியலைப் பிரித்துக் கடலில் தள்ளியதாகவும் இருக்கலாமே.

26 ஏப்ரல், கொஞ்சம் கழித்து

"அப்ப எஸ்ஓடி1 புரதம் வேலை செய்யாததால் நோய் வரவில்லையா" என்ற கேள்விக்கு: அதன் வேலை சூப்பராக்சைடு என்ற முரட்டு ஆக்சிஜனை அடக்குவது. அந்த வேலை நின்றதால்தான் நோய் என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் எஸ்ஓடி1 அறவே இல்லாத எலியைச் செய்தார்கள், 1996-இல். அதற்கு இந்த நோய் வரவில்லை, நன்றாக வளர்ந்தது. மாறாக ஜி85ஆர் என்று ஒரு வகை, வேலையே செய்யாத மாறிய புரதம், அதை நல்ல எலிக்குள் வைத்தால் நோய் வந்தது. வேலைக்கு வராத ஆள் பிரச்சினை இல்லை, வந்து நின்று வம்பு செய்கிற ஆள்தான் பிரச்சினை.

3 மே

பிரியாணிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் இருக்கிறது.

ஒரு மருந்து. பெயர் வேண்டாம். மருந்து கொடுத்த எலிகள், கொடுக்காதவற்றைவிட இரண்டு வாரம் அதிகம் வாழ்ந்தன. நாலரை மாதத்தில் சாக வேண்டிய எலிக்கு இரண்டு வாரம் என்பது நம் கணக்கில் எத்தனை வருடம் என்று ஒருவர் பலகையில் பெருக்கிக் காட்டினார். அன்று மதியம் எல்லோருக்கும் பிரியாணி. நானும் வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் வால் நுனியிலிருந்து எடுத்து வைத்த டிஎன்ஏவைப் பரிசோதித்தார். விஷயம் என்னவென்றால், ஜி93ஏ எலியில் அந்த மனித மரபணு ஒரு பிரதி இல்லை, ஏறக்குறைய இருபத்தைந்து வரிசையாக ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் இவ்வளவு வேகமாகச் சாகிறது. இனப்பெருக்கத்தில் எப்போதாவது அந்த வரிசையில் கொஞ்சம் கழன்று விழுந்துவிடும். பிரதி குறைந்த எலிக்கு நோய் தாமதமாக வரும், மருந்தே வேண்டாம். எங்கள் மருந்துக் குழுவில் இருந்த எலிகளில் நாலு, அப்படிக் குறைந்த ஒரே தாய் ஈன்ற குட்டிகள். அவற்றை எந்தக் கூண்டில் போடுவது என்று பிரித்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை, பக்கத்தில் இருந்த கூண்டில் போட்டேன், அவ்வளவுதான். நாலையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு வாரமும் காற்றில் போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் மட்டும் இல்லை என்று அப்புறம் தெரிந்தது. 2008-இல் அமெரிக்காவில் ஏஎல்எஸ்ஸுக்காகவே உள்ள ஓர் ஆய்வு நிறுவனம், ஐந்து வருடம், 18,000 எலி, எழுபதுக்கு மேற்பட்ட மருந்து, எல்லாவற்றையும் ஒழுங்கான கட்டுப்பாட்டோடு மறுபடி சோதித்து வெளியிட்டது. ஏற்கெனவே "எலியில் பலித்தது" என்று வெளியான மருந்துகளும் அதில் உண்டு. ஒன்றுகூடத் தேறவில்லை. ஆண் எலி பெண் எலியைவிடச் சில நாள் முன்னால் சாகும், கூடப் பிறந்தவை ஏறக்குறைய சேர்ந்து சாகும், பிரதி குறையும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் பத்து எலி வைத்துச் செய்தால், சும்மாவே ஏதாவது ஒரு குழு ஜெயிக்கும்.

அந்தப் பட்டியலில் ரிலுசோலும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. மனிதனுக்கு உதவுகிறது என்று 1995-லிருந்து கொடுக்கும் மாத்திரை. உதவி என்றால் இரண்டு மூன்று மாதம். அதுவும் எலியில் தேறவில்லை.

4 மே

கீழக்கரையிலிருந்து மருந்தியல் படிக்கும் ஒரு தங்கச்சி கோபமாக எழுதியிருக்கிறார்: "நீங்க சொல்றதப் பாத்தா எலி ஆராய்ச்சியே வீண்ங்கிற மாதிரி இருக்கு. ஒரு குடும்பம் நம்பிக்கையோட கேட்டா இப்படியா?"

சரி, நேற்று எழுதியதில் என் சொந்த எரிச்சல் கலந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். எலி கற்றுக்கொடுத்தது நிறைய. ஒன்றைச் சொல்கிறேன். செல் செத்து, அதனால் நரம்பு பட்டுப்போய், அதனால் தசை தளர்கிறது என்றுதான் நாம் நினைப்போம். ஜி93ஏ எலியை நாள் நாளாகப் பார்த்தபோது தலைகீழாக இருந்தது. 47-ஆம் நாளிலேயே நரம்பு நுனி தசையை விட்டுக் கழன்றிருக்கும், எலி அப்போது துள்ளி ஓடிக்கொண்டிருக்கும். தண்டுவடத்தில் செல் குறைவது 100 நாள் வாக்கில். அதிலும் வேகமாகச் சுண்டி இழுக்கிற, சீக்கிரம் களைக்கிற தசையிழைக்குப் போகும் நரம்புதான் முதலில் கழலும். மெதுவாக இழுப்பது தாக்குப்பிடிக்கும். இதை எந்த நோயாளியிடமும் பார்த்திருக்க முடியாது. நமக்குக் கை தளர்ந்து டாக்டரிடம் போகும் அன்றைக்கே பாதிக் கதை முடிந்திருக்கும்.

டோஃபர்சன் என்ற மருந்தும் எலி வழியாக வந்ததுதான். எஸ்ஓடி1 மரபணு அனுப்பும் செய்தியை வழியிலேயே மறித்துப் புரதம் உண்டாவதைக் குறைக்கும், முதுகுத்தண்டில் ஊசியாகப் போட வேண்டும். 28 வாரச் சோதனையில் முக்கிய அளவுகோலில் தோற்றது, ஆனால் நரம்பு சிதையும்போது இரத்தத்தில் கூடும் நியூரோஃபிலமெண்ட் என்ற புரதம் நன்றாகக் குறைந்தது, அதை வைத்து 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். கவனியுங்கள், இதுவும் திரளைக் கரைப்பது இல்லை, குழாயை அடைப்பது. ஆனால் எஸ்ஓடி1 கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். மொத்த ஏஎல்எஸ் நோயாளிகளில் 100-க்கு இரண்டு பேர் அளவு. தொண்டித் தம்பி, உங்கள் பரம்பரையில் வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால் நரம்பியல் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

11 மே

சித்தப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

வள்ளத்தில் போகிறவர். 2016 தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தபோது ஊசியைத் தவறவிட்டார். எடுத்தார், மறுபடி விழுந்தது. "வெயில்ல கை மரத்துப்போச்சு" என்றார். நான் அப்போது ஊருக்கு வந்து இரண்டு வருடம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்குமே சதை, அவருக்கு அது பள்ளமாகியிருந்தது. துடுப்புப் போட்ட கை! புஜத்தில் தோலுக்கு அடியில் சின்னச் சின்னதாகத் துடித்தது, தண்ணீருக்குள் மீன்குஞ்சு நெளிகிற மாதிரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஒன்றும் சொல்லவில்லை. எலியைப் பார்த்தவன் மனிதனைப் பற்றிச் சொல்லலாமா என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்பு தேய்மானம் என்று சொல்லி ஏழு மாதம் கழுத்துப் பட்டையும் மின்சார ஒத்தடமும் கொடுத்தார்கள். வள்ளத்தில் அவருக்கு இருந்த பங்கை விற்றோம். உணர்ச்சி கொஞ்சமும் குறையாமல் சதை மட்டும் கரைகிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வாய் திறந்திருந்தாலும் நோய் நின்றிருக்காது. ஆனால் அந்தப் பங்கு மிஞ்சியிருக்கும்.

இந்த நோய் கண்ணை அசைக்கிற நரம்பையும் சிறுநீரை அடக்குகிற நரம்பையும் கடைசி வரை பெரும்பாலும் தொடுவதில்லை. ஏன் அவை மட்டும் தப்பிக்கின்றன என்று ஆய்வகத்தில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். வீட்டில் அது வேறு மாதிரித் தெரிந்தது. பேச்சு போன பிறகு அவர் கண்ணால்தான் பேசினார். ஐஸ் பெட்டி தெர்மாகோல் மூடியில் எழுத்துகளை எழுதிக் காட்டுவோம். 247 எழுத்தும் வேண்டாம், 18 மெய் ஒரு பக்கம், 12 உயிர் ஒரு பக்கம். முதலில் மெய்யைப் பார்ப்பார், அப்புறம் உயிரை. ஒருநாள் காலை க, அ, ச என்று வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கச்சான் காற்று அடிக்கிறதா என்று கேட்டார். அடித்தது. அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை.

2019-இல் இறந்தார்.

12 மே

மண்டபத்திலிருந்து ஒருவர்: அவர் மச்சானுக்கு 19 வயதில் முகம், நாக்கு, கை எல்லாம் மெலிந்து, காதும் கேட்காமல் போனது, இப்போது 40 தாண்டி உயிரோடு இருக்கிறார், அதுவும் இந்த நோய்தானா என்று.

பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்றே ஒரு வகை உண்டு, சென்னை டாக்டர்கள் 1970-இல் விவரித்தது. சின்ன வயதில் வரும், பெரும்பாலும் தென்னிந்தியர்களுக்கு, காது கேட்பதும் குறையும், ஆனால் ரொம்ப மெதுவாகப் போகும், பத்து இருபது வருடம் தாண்டி வாழ்வார்கள். பெயரைச் சொல்லி நரம்பியல் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு எலி கிடையாது.

24 மே

மறுபடி திருத்தம். 26 ஏப்ரல் குறிப்பைப் படித்துவிட்டுக் கீழக்கரைத் தங்கச்சி கேட்டார்: "கரையில கிடக்கிற குவியல்ல நல்ல வலையும் மாட்டிக்கிட்டா?" இதை நான் யோசித்திருக்க வேண்டும். என் உவமை எஸ்ஓடி1-க்குச் சரி. ஆனால் 2006-இல் தெரிந்துவிட்டது, ஏஎல்எஸ்ஸில் 100-க்கு 97 பேருக்குத் திரண்டு நிற்பது டிடிபி-43. எஸ்ஓடி1 நோயாளிகளுக்கு அது இருக்காது. ஆக என் சித்தப்பாவுக்கு இருந்தது, பெரும்பாலும், நான் ஆறு வருடம் எண்ணிய புள்ளியே இல்லை.

டிடிபி-43-க்கு வேலை உட்கருவுக்குள். மரபணுச் செய்தியிலிருந்து வேண்டாத துண்டுகள் உள்ளே நுழைந்துவிடாமல் காவல் காப்பது. அது வெளியே திரண்டு மாட்டிக்கொண்டால் உள்ளே காவலுக்கு ஆள் இல்லை. வேண்டாத துண்டு நுழைந்து ஸ்டாத்மின்-2 என்ற புரதம் உருவாகாமல் போகிறது, நரம்பு நுனியைத் திரும்ப வளர்க்கத் தேவைப்படுவது அது. 2019-இல் இது வெளிவந்தது. ஆக இங்கே குவியலும் குற்றவாளி, காலியான இடமும் குற்றவாளி. கடையில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஒரு அம்மா நெத்திலி கால் கிலோ கேட்டு, நான் நிறுக்காமலே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

இனிமேல்தான் சங்கதி. ஸ்டாத்மின்-2-இல் நுழைகிற அந்த வேண்டாத துண்டு மனிதனின் மரபணுவில் ஒளிந்திருக்கிறது. எலியின் மரபணுவில் அது கிடையாது. எலியில் டிடிபி-43 காவலை விட்டுப் போனாலும் இந்தக் குறிப்பிட்ட விபத்து நடக்காது. அதை ஆராய வேண்டுமென்றால் மனிதத் துண்டை எலிக்குள் தனியாக வைத்தாக வேண்டும், அதையும் செய்துகொண்டிருக்கிறார்கள். தம்பி, நீங்கள் கேட்ட 2015 எலியில் நோய் எப்படிச் செய்யப்பட்டது என்று மறுபடி பாருங்கள். கொட்டியதை நிறுத்தினார்கள், எலி தேறியது. அதிலும் செத்துப்போன செல் திரும்ப வரவில்லை, பிழைத்திருந்த செல்கள் கிளைவிட்டு ஆதரவற்ற தசையைப் பிடித்துக்கொண்டன. எனக்கு அதில் பிடித்தது இந்த இடம். சுமை குறைந்தால் செல்லே துடைத்துக்கொள்ளும், நரம்பே கிளைவிடும். மாத்திரை செய்தியைவிட இது பெரிய செய்தி, ஆனால் வாட்ஸ்அப்பில் ஓடாது.

25 மே

நேற்று எழுதியதோடு சேர வேண்டியது, மறந்துவிட்டேன். 2009-இல் வந்த முதல் டிடிபி-43 எலிகளில் ஒன்று, ஏ315டி. நோயில் செத்தது என்று எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு பார்த்தால் பல எலிகள் குடல் அடைத்துச் செத்திருந்தன. கெட்டித் தீவனத்தை நிறுத்திக் கூழாக வைத்ததும் ஆயுள் நீண்டது. அந்த எலியில் யாராவது ஒரு பேதி மாத்திரையைச் சோதித்திருந்தால் "ஏஎல்எஸ் மருந்து கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்திருக்கும்.

1 ஜூன்

மீன் எண்ணெய், மூலிகை லேகியம், ஆயிலியம் நட்சத்திரம் பற்றிய பதிவுகளுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

9 ஜூன். தொண்டி வாசகர்

அண்ணே, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ரிலுசோல் போய்க்கொண்டிருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை, ஆனாலும் டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார். அப்பாவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. அந்தத் தெர்மாகோல் மூடி பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

14 ஜூன்

இன்று நள்ளிரவோடு தடைக்காலத்தின் 61 நாள் முடிகிறது, கரையில் ஒரே சத்தம், டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாக.

பேச்சு முழுசாகப் போகும் வரை காத்திருக்காதீர்கள், இப்போதே பழக்குங்கள், இப்போது என்றால் அவரே தப்பைத் திருத்துவார். மூடி இரண்டடி நீளம் இருக்கட்டும். எழுத்து கட்டைவிரல் அகலம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி, இல்லையென்றால் எதைப் பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. மெய்யை மூன்று வரிசையாகப் பிரியுங்கள், வல்லினம் மேலே, மெல்லினம் நடுவில், இடையினம் கீழே. முதலில் வரிசையைச் சுட்டிக் கேளுங்கள், அவர் கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம் என்று அர்த்தம். அடிக்கடி வேண்டியதைத் தனியாக ஓரத்தில் எழுதிவிடுங்கள்: தண்ணீர், புரட்டிப் படுக்கவை, கொசு, ஃபேன். நாங்கள் "ஃபேன்" எழுத மறந்து, ஒவ்வொரு முறையும் "காத்து" என்று எழுத்துக்கூட்டினார், சித்தப்பா கேட்டது கடல்காற்றா ஃபேனா என்று தெரியாமல் இரண்டையும் செய்வோம், ஜன்னலும் திறப்போம், சுவிட்சும் போடுவோம்.

மார்க்கரில் எழுதினால் இந்த உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் இரண்டு நாளில் அழியும். மேலே அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிடுங்கள்.